புரொஜெக்டர் வாங்குமுன் அதன் ‘லிட்டர் எடை’ பாருங்கள்

கடை சாத்திக் கணக்கு முடித்து வீட்டுக்குப் போக இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. அதற்கு மேல் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு படமோ கிரிக்கெட்டோ பெரிதாகப் பார்க்கலாமே என்ற ஆசை நம் உறுப்பினர்கள் பலருக்கும் இருக்கிறது. ஆன்லைனில் எட்டாயிரம், பத்தாயிரத்துக்கே புரொஜெக்டர் வருகிறதே, வாங்கலாமா என்று நம்மிடம் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் பெட்டிமேல் அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்கக் கூடாது. ஏன் என்பதை நம் ஊர்ச் சரக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

போடி ஏலத்தில் ஏலக்காயை யாரும் மூட்டையின் உயரம் பார்த்து விலை கேட்பதில்லை. சாம்பிளைக் கையில் எடுக்கிறோம், சைஸ் பார்க்கிறோம், நிறம் பார்க்கிறோம், லிட்டர் எடை பார்க்கிறோம். அக்மார்க் தரத்தில் ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ என்றால் காய் 7 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது, ஒரு லிட்டர் காய் 435 கிராமாவது நிற்க வேண்டும். பார்வைக்குப் பருத்த காயாக இருந்தாலும் உள்ளே அரிசி இல்லையென்றால் லிட்டர் எடை காட்டிக்கொடுத்துவிடும். புரொஜெக்டருக்கும் அப்படி ஒரு லிட்டர் எடை உண்டு. அதற்குப் பெயர் ‘ஆன்சி லூமன்’.

லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. திரை முழுக்க வெள்ளையாக விட்டு, அதை ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் விழும் ஒளியை அளந்து, சராசரி எடுத்துத் திரையின் பரப்பளவால் பெருக்க வேண்டும். அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி 1992-ல் வகுத்த முறை இது. ஐ.எஸ்.ஓ. 21118 என்ற உலகத் தரமும் ஏறக்குறைய இதே வழியில்தான் அளக்கிறது. இந்த இரண்டில் ஒன்றின் பெயரைப் போடாமல் வெறும் ‘9000 லூமன்’ என்று போட்டிருந்தால், அது படியே இல்லாமல் அளந்த அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பொட்டலம் போட்ட பருப்பில் எடை குறைந்தால் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து நிற்கிறார். இந்தப் பெட்டிக்காரர்களிடம் யார் போய் நிற்பது என்று தெரியவில்லை!

பொட்டிபுரத்தில் நமக்கு வேண்டிய மளிகைக்கடைக்காரர் ஒருவர் இப்படித்தான் ஒன்று வாங்கினார். பெட்டியில் 9000 என்று இருந்தது. சுவரில் 80 அங்குலத்துக்குப் படம் விட்டுப் பார்த்தால், இரவுக் காட்சிகளில் ஆள் இருப்பதே தெரியவில்லை. கண்ணில்தான் கோளாறோ என்று அவர் மனைவியிடம் கேட்டிருக்கிறார். நாம் போய் விளக்கை அணைத்துவிட்டு, செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலியைப் போட்டு ஒன்பது இடத்திலும் பார்த்தோம். சராசரி 62 லக்ஸ். 80 அங்குலப் படத்தின் பரப்பு 1.76 சதுர மீட்டர். பெருக்கினால் 109 லூமன். செல்போன் அளவு துல்லியமானது அல்ல, கூடக்குறைய இருக்கும். ஆனாலும் 109 எங்கே, 9000 எங்கே!

எத்தனை லூமன் இருந்தால் போதும்? சினிமா தியேட்டர்களுக்கான டிஜிட்டல் தரம் திரையில் 14 ஃபுட் லாம்பர்ட் வெளிச்சம் கேட்கிறது. சாதாரண வெள்ளைத் திரைக்கு அதை நம் கணக்கில் சொன்னால் சதுர அடிக்கு 14 லூமன். 80 அங்குலப் படம் 19 சதுர அடி, ஆகவே சுமார் 270 லூமன் வேண்டும். 100 அங்குலத்துக்கு 30 சதுர அடி, 420 லூமன். 120 அங்குலம் என்றால் 600. இது நன்றாக இருட்டிய அறைக்கு. டியூப் லைட் எரிந்தால் மூன்று நான்கு மடங்கும் போதாது. ஆக, உண்மையான 300 லூமன் உள்ள கருவி இரவில் நல்ல சினிமா காட்டும். பொய்யான 9000 காட்டாது. நம் நண்பர் கருவியை முன்னால் இழுத்துப் படத்தை 50 அங்குலமாகச் சுருக்கியதும் தெளிவாகிவிட்டது, ஏனென்றால் 50 அங்குலத்துக்கு 104 லூமனே போதும். ஆனால் 50 அங்குலத்துக்கு டி.வி.யே வாங்கியிருக்கலாமே! அதைப் பகலிலும் பார்க்கலாம்.

அடுத்த ஏமாற்று ‘4கே சப்போர்ட்’ என்ற வார்த்தை. 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள், 4கே-யாகக் காட்டும் என்பது அல்ல. மூட்டை உள்ளே போகும், ஆனால் கொட்டுவது கால்படி வாயில். ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ எவ்வளவு என்று கேளுங்கள். 1920-க்கு 1080 இருந்தால் சினிமாவுக்குத் தாராளம். 1280-க்கு 720 சுமார். அதற்குக் கீழே வேண்டாம்.

பழைய ஆபீஸ் புரொஜெக்டரைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்றால் ஒதுக்க வேண்டாம். பெயர் பெற்ற கம்பெனியின் 3000 லூமன் பெரும்பாலும் முறையாக அளந்த 3000-ஆகவே இருக்கும். ஆனால் அதில் பல்ப் தேய்மானம் உண்டு. மெனுவில் ‘லேம்ப் ஹவர்ஸ்’ என்று ஓடிய மணிக்கணக்கு இருக்கும், அதைப் பாருங்கள். பல்ப் மூவாயிரம் முதல் ஆறாயிரம் மணி வரை உழைக்கும். ஓடி முடிந்த பல்ப் என்றால் புது பல்ப் விலையையும் சேர்த்துத்தான் முதலைக் கணக்கிட வேண்டும். தினம் மூன்று மணி நேரம் ஓட்டினால் வருஷத்துக்கு ஆயிரம் மணி போய்விடும். இன்னொன்று, இந்த பல்ப் கடும் சூடு. மின்சாரம் திடீரென நின்று விசிறியும் நின்றால் பல்ப்பின் ஆயுள் குறையும், ஆகவே சின்ன யு.பி.எஸ். அவசியம். மலையில் மழைக்காலத்தில் கரண்ட் படும் பாடு நமக்குத் தெரிந்ததே. எல்.இ.டி. கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை, இருபதாயிரம் மணிக்கு மேலும் வரும்.

தூசி விஷயத்தில் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். ஏலக்காய் சலிக்கிற இடத்திலும், மிளகாய் மூட்டை அடுக்கிய மாடி அறையிலும் விலை குறைந்த கருவியை வைத்தால், விசிறி இழுக்கும் தூசி உள்ளே படிந்து திரையில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ‘சீல்டு ஆப்டிகல் எஞ்ஜின்’ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். திரைக்குத் தனியாகச் செலவு வேண்டாம், பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடித்த சுவர் போதும். டைல்ஸ், எனாமல் சுவர் ஆகாது. கருவியைச் சுவருக்கு நேராக வையுங்கள். கோணலாக வைத்து ‘கீஸ்டோன்’ பட்டனால் நிமிர்த்தினால் படத்தின் தெளிவு கொஞ்சம் போகும். எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கு ‘த்ரோ ரேஷியோ’ பாருங்கள். அது 1.3 என்றால் 80 அங்குலப் படத்தின் அகலமான 5.8 அடிக்கு ஏழரை அடி தூரம் வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் கொசு ரீங்காரம்தான். வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் கிடந்தால் தூசி தட்டி இணையுங்கள்.

பகலில் சீரியல் பார்க்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டி.வி.யே வாங்குங்கள் என்பது நம் அபிப்பிராயம்.

பில் விஷயம் ஒன்று. புரொஜெக்டருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகியிருக்கிறது. அந்த 18-ஐயும் மிச்சப்படுத்தக் கடை ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து வாங்கி, உள்ளீட்டு வரியாக எடுத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு அந்த வரவு கிடையாது, சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. பிறகு வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும். பில்லை வீட்டுப் பெயரில் வாங்குங்கள், ஆன்சி லூமன் எவ்வளவு என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி பில்லோடு வையுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இருட்டறையில் ஒன்பது இடமும் அளந்து பாருங்கள். 80 அங்குலத்தில் சராசரி 150 லக்ஸ் வந்தால் வைத்துக்கொள்ளலாம். பாதிகூட வரவில்லையென்றால் அன்றே பெட்டியைக் கட்டுங்கள். திரும்ப எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.