உறவைச் சீராக்கி உளநோய் தணித்தல்

பாராடாங், தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்த தீவு. தெற்கிலிருந்து செல்வோர் நீரிணையைப் படகில் கடந்தே இதனை அடைதல் வேண்டும். உற்றார் கடலுக்கு அப்பால் இருக்க, வீட்டிலும் பேச்சு அற்றுப்போமாயின் ஒருவர்க்கு ஆறுதல் கிட்டுவது அரிது. மனவாட்டமும் எதிலும் நாட்டமின்மையும், உறக்கக்கேடு, சோர்வு முதலியவற்றோடு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்.

இந்நோய்க்கென 1969ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஜெரால்டு கிளெர்மன், மிர்னா வைஸ்மன் முதலியோர் வகுத்ததே உறவுவழி உளமருத்துவமாகும். நோய்க்குக் காரணங்கள் பல. ஆயினும், அது தொடங்கிய காலத்தில் உறவில் நேர்ந்த இடரைச் சீராக்கினால் நோயும் தணியும் என்பது இதன் அடிப்படை. அவ்விடர்கள் நால்வகைப்படும்: இழவுத் துயர், பிணக்கு, வாழ்க்கை நிலை மாற்றம், பிறருடன் பழக இயலாத தனிமை. பெரும்பாலும் வாரம் ஒருமுறையாக 12 முதல் 16 அமர்வுகள் நடைபெறும்.

எடுத்துக்காட்டாக, வெளியூரில் வேலை செய்யும் கணவன் விடுமுறையில் வீடு வருகிறான். "பணம் வந்ததா?" என்கிறான், "வந்தது" என்கிறாள் மனைவி. பேச்சு அத்துடன் முடிகிறது. அவன் தன்னை மதிக்கவில்லை என்று அவளும், அவளுக்குக் குறையொன்றும் இல்லை என்று அவனும் எண்ணுகின்றனர். இம்முறையில் அவ்வுரையாடல் சொல்லுக்குச் சொல் நினைவுகூரப்படும். சொல்ல விரும்பியது யாது, சொல்லாமல் விட்டது ஏன் என்று ஆராய்ந்து, "பிள்ளை படிப்பைப் பற்றி உங்களுடன் பேச வேண்டும்" என்று வேளையறிந்து கூற அவள் பயிற்சி பெறுவாள்.

உளமருத்துவரே இதனை நடத்த வேண்டும் என்பதில்லை. 2002இல் உகாண்டாவின் 30 சிற்றூர்களில் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூரார் நடத்திய குழுக்களால் மனச்சோர்வு வெகுவாகக் குறைந்தது. கோவாவில் நடைபெற்று 2010இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அளித்த உதவிகளுள் இம்முறையும் ஒன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதன் பயன் தெளிவாகத் தெரிந்தது. தனியார் மருத்துவரிடத்தில் அவ்வாறு தெரியவில்லை.

பயிற்சியின்றி ஆசிரியரோ களப்பணியாளரோ சிகிச்சையில் இறங்கலாகாது. ஆயினும், குறுக்கிடாது கேட்டல், கேட்டதைப் பிறரிடம் கூறாதிருத்தல், நோயைக் குற்றமாகக் கருதாதிருத்தல் ஆகிய மூன்றும் அவர்களால் இயலும். நோய்க்குறி நீடிப்பின் சுகாதார நிலையத்துக்கு அனுப்புக. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரியின், தனியே விடாது உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் பணியின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை பெறலாம்.