ஐம்பது தோட்டா போதும், மகளே

டாலஸ்,
14-3-2021

அன்பு மகள் நித்யாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய இரண்டு விளம்பரங்களையும் பார்த்தேன். ஒன்றில் ஆயிரம் ஒன்பது எம்.எம். தோட்டா 780 டாலர். இன்னொருவர் பிளாஸ்டிக் பையில் கட்டி 200 தோட்டாவை 90 டாலருக்குத் தருகிறாராம். எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். இரண்டுமே வேண்டாம் அம்மா. காரணத்தைப் போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன்.

பை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சுட்டு முடித்த பித்தளை உறையில் புது பிரைமர் என்ற பற்றவைக்கும் சின்ன மூடி, வெடிமருந்து, குண்டு எல்லாம் வைத்து யாரோ வீட்டில் அழுத்தி எடுத்த தோட்டா அது. இதைக் கவனமாகச் செய்கிறவர்கள் பலர் உண்டு. இவர் அப்படிப்பட்டவரா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மருந்து இரட்டிப்பாக விழுந்திருந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். மருந்தே விழாமல் போயிருந்தால் பிரைமரின் வேகத்தில் குண்டு குழலுக்குள் பாதி வழி போய் நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம். சுடும் பயிற்சி ரேஞ்சில் இப்படிக் குண்டு சிக்குவதை ஸ்க்விப் என்பார்கள். கம்பெனித் தோட்டாவிலும் எப்போதாவது நேரும். ஆகவே வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதில் ‘புஸ்’ என்று கேட்டாலோ, கையில் உதை குறைந்ததாகத் தெரிந்தாலோ உடனே நிறுத்து. துப்பாக்கியை இலக்கின் பக்கமே பிடித்தபடி முப்பது விநாடி பொறு. பிறகு மேகசினைக் கழற்றி, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டு, ரேஞ்ச் ஊழியரைக் கூப்பிட்டுக் குழலைப் பார்க்கச் சொல். வெட்கப்படாதே.

இனி ஆயிரம் தோட்டா. கடைகளில் தோட்டா கிடைக்காத இந்தத் தட்டுப்பாடு ஏன் வந்தது என்று தெரிந்தால் உன் பதற்றம் கொஞ்சம் அடங்கும். துப்பாக்கிக்காக எஃப்.பி.ஐ. செய்த பின்னணிச் சோதனைகள் 2019ல் சுமார் 2 கோடியே 83 லட்சம். 2020ல் அது 3 கோடியே 96 லட்சத்தைத் தாண்டிவிட்டது. உன்னைப்போல் முதல்முறை துப்பாக்கி வாங்கியவர்களே 80 லட்சத்துக்கு மேல் என்று துப்பாக்கித் தொழிலின் சங்கம் கணக்குச் சொல்கிறது. ஆளுக்கு இரண்டு பெட்டி என்றாலும் 80 கோடி தோட்டா! இதற்கு நடுவில் ஜூலையில் துப்பாக்கியும் தோட்டாவும் செய்யும் ரெமிங்டன் கம்பெனி திவாலானது. அர்கன்ஸாவில் லோனோக்கில் இருக்கும் அதன் தோட்டா ஆலையை விஸ்டா கம்பெனி வாங்கி இப்போதுதான் முடுக்கிவிடுகிறது. பிரைமரைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். பித்தளையும் ஈயமும் இருந்தாலும் அந்தச் சின்ன மூடி இல்லாமல் தோட்டா இல்லை. வீட்டில் நாமே செய்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கும் இதுதான் பதில். இன்றைக்குத் தோட்டாவைவிடப் பிரைமர் கிடைப்பதுதான் கஷ்டம்.

2012 டிசம்பரில் நியூடவுன் பள்ளிப் படுகொலை நடந்தபோதும் இப்படித்தான் ஆனது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிடும் என்று எல்லோரும் அள்ளினார்கள். .22 தோட்டா வருஷக்கணக்கில் கடையில் தங்கவில்லை. கடைசியில் அதுவும் அலமாரிக்குத் திரும்பி வந்தது, விலையும் இறங்கியது. 2019ல் ஒன்பது எம்.எம். தோட்டா ஒன்று இருபது சென்ட்டுக்குள் கிடைத்தது. உனக்குச் சொல்லும் விலை 78 சென்ட். இதைக் கிரெடிட் கார்டில் வாங்கி வட்டியும் கட்டுவதா? மாதம் ஒரு பெட்டி, ஐம்பது தோட்டா, நாற்பது டாலர். இதற்கு மேல் இந்த வருஷம் போகாதே.

என்ன வாங்குவது? உன் துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதும் பெட்டியில் அச்சடித்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்: ‘9 எம்.எம். லூகர்’. ‘9 எம்.எம். மக்காரோவ்’, ‘9 எம்.எம். குர்ஸ்’ இரண்டும் வேறு தோட்டாக்கள்; அவசரத்தில் எடுத்துவிடாதே. குண்டின் எடை 115 கிரெயினா 124ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சிக்கு இரண்டும் ஒன்றே, கிடைப்பதை வாங்கு. அலுமினிய உறைத் தோட்டாவும் நல்லதுதான். ரஷ்யாவிலிருந்து வரும் துலா, உல்ஃப் எஃகு உறைத் தோட்டா மலிவு. ஆனால் அதன் குண்டு மேலே செம்பு போலத் தெரிந்தாலும் அந்தப் பூச்சுக்குள் எஃகு இருக்கும். உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் வாசலிலேயே காந்தத்தை வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உன் ரேஞ்சில் கேட்டுக்கொண்டு வாங்கு. பெட்டி விலையை மட்டும் பார்க்காமல் அனுப்பும் கூலியையும் வரியையும் கூட்டி ஐம்பதால் வகுத்துப் பார். முனை குழிந்த பாதுகாப்புத் தோட்டாக்கள் உன்னிடம் இருப்பவை போதும். அவற்றைக் காகிதத்தில் சுட்டு வீணாக்காதே.

.22 பிஸ்டல் ஒன்று வாங்கினால் மிச்சமாகுமே என்றாய். நல்ல யோசனைதான், ஆனால் உனக்கு இப்போது இல்லை. துப்பாக்கிக்கு 350 டாலர் ஆகும், தோட்டாவுக்கு ஐம்பது சென்ட் மிச்சமாகும் என்றே வைத்துக்கொள். போட்ட பணம் திரும்ப 700 தோட்டா சுட வேண்டும். மாதம் ஐம்பது சுடுகிற உனக்கு அது பதினாலு மாதக் கணக்கு.

உண்மையான பயிற்சி வீட்டில்தான் நடக்க வேண்டும், அதுவும் தோட்டா இல்லாமல். இதை நீ விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேகசினைக் கழற்று, ஸ்லைடை இழுத்துப் பிடித்துத் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டும் பார். தோட்டா எல்லாம் வேறு அறையில், கதவு சாத்தி இருக்கட்டும். உன் அபார்ட்மெண்ட் சுவர் வெறும் ஜிப்சம் பலகை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறது. அதனால் வெளிப்பக்கத்துச் செங்கல் சுவரை நோக்கி நில். முன் சைட்டின் மேல் ஒரு பத்து சென்ட் நாணயத்தை வைத்துக்கொண்டு டிரிகரை மெல்ல அழுத்து. ‘க்ளிக்’ என்று விழும்போது நாணயம் விழாமல் இருக்க வேண்டும். தினம் பத்து நிமிஷம், அலுப்பு வந்தால் நிறுத்திவிடு. முடிந்ததும் ‘முடிந்தது’ என்று வாய்விட்டுச் சொல்லித் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டு. தோட்டா போட்டபிறகு இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம் என்று எடுத்தவர்கள்தான் சுவரைத் துளைத்திருக்கிறார்கள். உன் துப்பாக்கியின் கையேடு வெறுமனே டிரிகர் அழுத்த அனுமதிக்கிறதா என்பதையும் படித்துவிடு. எப்படியும் ஐந்தாறு ஸ்னாப் கேப் வாங்கிக்கொள். அவை மருந்தில்லாத போலித் தோட்டாக்கள்.

அந்த ஸ்னாப் கேப்தான் ரேஞ்சிலும் உன் ஆசிரியர். உன் தோழியை விட்டு மேகசினை நிரப்பச் சொல்; எது போலி, எது அசல் என்று உனக்குத் தெரியக் கூடாது. போலி வரும் முறையில் வெடிக்காது; ஆனால் குழலின் முனை சட்டென்று கீழே போவதை நீயே பார்ப்பாய். சத்தத்துக்கு முன்னாலேயே கை பயந்துவிடுகிறது. போன மாதம் நீ அனுப்பிய படத்தில் ஓட்டைகள் எல்லாம் இடப்பக்கம் கீழே கிடந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தப் பயம் ஆயிரம் தோட்டா சுட்டால் போகாது, ஆயிரம் தடவை பழகித் தடித்துப்போகும். ஏழு கஜத்தில் மெதுவாகச் சுடு. கை தளர்ந்ததும், பெட்டியில் இருபது மிச்சம் இருந்தாலும், மூடிக்கொண்டு வீட்டுக்கு வா. சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, ஈயம் ஒட்டியிருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போனால் முதல் ஐந்து தோட்டாவை மட்டும் தனிக் காகிதத்தில் சுடு. அன்றைய நாளின் கை அதில்தான் இருக்கும். தேதி போட்டுப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா