வண்டலூர் அருகே உருவான ஆங்கிலச் சொகுசுக் கார்

கார் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது அதன் பளபளப்பான மேனியே. ஆனால் ஒரு காரின் தகுதியை மேனியழகு மட்டும் தீர்மானிப்பதில்லை. மேனிக்கு ஏற்ற இயந்திரம் வேண்டும். ஓடும் நாட்டிற்கு ஏற்ற செலவும் வேண்டும். இதற்குச் சான்றாக, நம் தமிழகத்திலேயே உருவான ஓர் ஆங்கிலக் காரின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ரோவரின் பிறப்பு:

இங்கிலாந்திலுள்ள கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-ஆம் ஆண்டு 'ரோவர்' என்னும் மிதிவண்டியைச் செய்தார். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் அதில் இருந்தன. நாம் பள்ளிக்கு வரும் மிதிவண்டிகளுக்கு அதுவே முன்னோடி எனலாம். அதே பெயரில் பின்னாளில் கார்களும் வெளிவந்தன.

1976-இல் 'ரோவர் 3500' என்ற சொகுசுக் கார் வெளிவந்தது. பொறியாளர் ஸ்பென் கிங் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். ஐந்து கதவுகளும் தாழ்ந்து சரிந்த முகப்பும் கொண்ட இக்கார், 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. அதன் இயந்திரத்தில் எட்டு உருளைகள், பக்கத்திற்கு நான்காக ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் அமைந்திருந்தன. அது அலுமினியத்தால் ஆனதால் எடை குறைவு. கொள்ளளவு 3,528 கன சென்டிமீட்டர்; திறன் சுமார் 155 குதிரைத்திறன்.

சென்னையில் ஸ்டாண்டர்டு:

கோவென்ட்ரியைச் சேர்ந்த மற்றொரு நிறுவனம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. அதன் கூட்டுறவுடன் 1948-இல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' தொடங்கப்பட்டது. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் அதன் தொழிற்சாலை இருந்தது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஹெரால்டு, 1972 முதல் கெஸல் எனப் பல கார்கள் அங்கிருந்து வந்தன. பின்னர்ச் சில ஆண்டுகள் கார் உற்பத்தி நின்று, வேன்கள் மட்டுமே தயாராயின.

மீண்டும் கார் உலகில் இடம்பிடிக்க விரும்பிய அந்நிறுவனம், 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' காரை அறிமுகப்படுத்தியது. அதன் மேனி ரோவர் காரின் மேனியே. நம் சாலைகளின் மேடுபள்ளங்களுக்காக அதன் உயரம் சற்றுக் கூட்டப்பட்டது. ஆனால் உள்ளே எட்டு உருளை இயந்திரம் இல்லை. 1,991 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு உருளை இயந்திரமே பொருத்தப்பட்டது. அது 1940-களின் வான்கார்டு இயந்திரத்தின் வழிவந்தது. அக்குடும்பத்து இயந்திரங்களே அந்நாளில் ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் உழுதன! உழைப்பதற்கு உறுதியானதுதான், ஆனால் திறன் சுமார் 83 குதிரைத்திறனே.

ஒரு சிறு கணக்கு:

இந்த வேறுபாட்டை நம் இயற்பியல் பாடத்தின் துணையால் அறியலாம். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆகவே ரோவரின் திறன் ஏறக்குறைய 1,15,000 வாட். ஸ்டாண்டர்டு 2000-இன் திறன் 62,000 வாட்.

நம் அனுமந்தன்பட்டியிலிருந்து கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலைப்பாதையில் ஏறுவதாகக் கொள்வோம். ஆட்களுடன் காரின் எடை 1,500 கிலோ என வைத்துக்கொண்டால், 100 மீட்டர் உயரம் ஏறச் செய்யவேண்டிய வேலை 1500 × 9.8 × 100 = 14,70,000 ஜூல். உராய்வையும் காற்றின் தடையையும் விட்டுவிட்டால், ரோவர் இயந்திரம் இவ்வேலையைச் சுமார் 13 விநாடிகளில் முடிக்கும். மற்றதற்கு 24 விநாடிகள் தேவை. பாரம் ஒன்றே, இழுக்கும் மாடு வேறு!

வீழ்ச்சி:

பெரிய மேனியை இழுக்கப் பழைய இயந்திரம் திணறியது. பெட்ரோலும் மிகுதியாகச் செலவாயிற்று. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 அளவில் சிறியது. மூன்றே உருளைகள் கொண்டது. ஆயினும் விலையும் பெட்ரோல் செலவும் குறைவாக இருந்ததால் நடுத்தரக் குடும்பங்கள் அதையே நாடின. ஸ்டாண்டர்டு 2000-இன் உற்பத்தி 1988-இல் நின்றது. எஞ்சிய உதிரி பாகங்களில் பல, பழைய ரோவர்களைப் பழுதுபார்க்க இங்கிலாந்துக்கே கப்பலேறின. 2006-இல் தொழிற்சாலை ஏலத்திற்கு வந்தது.

ஒரு கார் தோற்றால் கெடுவது முதலாளியின் பணம் மட்டுமன்று. கடைசல் பிடித்தவர், பற்றவைத்தவர், வண்ணம் பூசியவர், அவர்களை நம்பியிருந்த குடும்பங்கள் என அனைவரும் அதனால் பாதிக்கப்படுகின்றனர். ஆகவே பொறியியல் என்பது இரும்பைப் பற்றிய கல்வி மட்டுமன்று, மனிதர் வாழ்வைப் பற்றிய பொறுப்பும் ஆகும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் நம் பெரியோர். அயல்நாட்டுப் பொருளின் அழகைக் கொண்டுவருவது எளிது. அதன் உயிர்ப்பகுதியை நம் நாட்டின் தேவைக்கேற்ப உருவாக்குவதே அரிது. நாளை நம்மில் சிலர் பொறியாளர்களாகலாம். அன்று வரைபடத்தில் முதல் கோட்டை இழுக்குமுன், "இது யாருக்கு? எந்தச் சாலைக்கு? எவ்வளவு செலவில்?" என்னும் மூன்று வினாக்களை நாம் கேட்டுக்கொள்வோமாக!