எடை தூக்கினால் உயரம் குறையுமா?

பதின்ம வயதுப் பிள்ளை டம்பெல்லைக் கையில் எடுத்தால் போதும், "இந்த வயதில் எடை தூக்காதே, குள்ளமாகிவிடுவாய்!" என்று வீட்டில் யாராவது ஒருவர் எச்சரிப்பார். அந்த எச்சரிக்கையில் அக்கறை இருக்கிறது. உண்மை இருக்கிறதா?

கை கால்களில் உள்ள நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதனை வளர்ச்சித் தட்டு என்பர். அங்கே புதிய உயிரணுக்கள் பெருகிப் பின்னர் கெட்டியான எலும்பாக மாறுவதால்தான் எலும்பு நீள்கிறது. பருவ வயதில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் இத்தட்டை மெல்ல மூடிவிடும். ஆண்பிள்ளைகளின் உடலிலும் இந்த வேலையைச் செய்வது ஈஸ்ட்ரோஜன்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். தட்டு மூடிய பிறகு எலும்பு நீள்வதில்லை.

வளர்ச்சித் தட்டு எலும்பைவிட மென்மையானது. ஆகவே, பாரம் அதனை நசுக்கிவிடும் என்று மக்கள் அஞ்சினர். ஆனால், கூடைப்பந்து ஆடும் மாணவன் துள்ளிக் குதித்துத் தரையிறங்கும்போது அவன் கால்கள் தாங்கும் விசை, அவன் உடல் எடையைப்போல் பல மடங்காகும். அதற்காக யாரும் கூடைப்பந்தைத் தடுப்பதில்லை! முறையான மேற்பார்வையில் எடைப்பயிற்சி செய்த சிறுவர்களை ஆராய்ந்தபோது, அவர்களின் வளர்ச்சி குன்றியதாகத் தெரியவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2020ஆம் ஆண்டில் இத்தகைய பயிற்சிக்கு ஆதரவாகவே அறிக்கை வெளியிட்டது.

அப்படியானால் பளுதூக்கும் வீரர்கள் பலர் குள்ளமாக இருப்பது ஏன்? துருக்கி வீரர் நைம் சுலேமானொக்லுவின் உயரம் ஏறத்தாழ 147 சென்டிமீட்டர். சிறுவயதிலேயே பயிற்சியைத் தொடங்கிய அவர், 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்றார். சோல் நகரில் 60 கிலோ பிரிவில் போட்டியிட்டு, 190 கிலோ எடையைத் தலைக்குமேல் தூக்கினார். அவரைக் குள்ளமாக்கியது இரும்பு என்று எண்ணுவது எளிது. ஆனால், அவருடைய பெற்றோரும் உயரம் குறைந்தவர்களே. கை கால்கள் குட்டையாக இருந்தால் பளுவை உயர்த்த வேண்டிய தூரமும் குறையும். அத்தகையோர் இவ்விளையாட்டில் எளிதாக முன்னேறுவர். கூடைப்பந்து ஆடியதால் யாரும் நெட்டையாகிவிடுவதில்லையே!

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நண்பர்கள் கைப்பேசியில் படம்பிடிக்க, தாங்க முடியாத எடையைத் தூக்கி, பிடி நழுவி விழுபவனுக்கு வளர்ச்சித் தட்டிலும் முறிவு ஏற்படலாம். அதைவிடக் கொடியது, தசை சீக்கிரம் பருக்க வேண்டும் என்று சிலர் இரகசியமாக வாங்கும் ஸ்டீராய்டு மருந்து. அதில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறக்கூடும். அதனால் வளர்ச்சித் தட்டு உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளலாம். வீட்டார் அஞ்சிய குறைபாடு, டம்பெல்லால் வராமல் மாத்திரையால் வந்துவிடுகிறது. மூடிய தட்டை மீண்டும் திறக்க மருத்துவம் இல்லை.

உயரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது மரபணு. சத்தான உணவும் உறக்கமும் அதற்குத் துணை நிற்கின்றன. வளர்ச்சி இயக்குநீர் ஆழ்ந்த உறக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. பயிற்சியை முடித்துவிட்டு நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியோடு விழித்திருக்கும் மாணவனிடம் வீட்டார் பிடுங்க வேண்டியது டம்பெல்லையா, கைப்பேசியையா?