ஒப்புரவும் உரிமையும்

பொருளுதவி பல வகைத்து. பசித்தார்க்குச் சோறிடுதலும், ஆற்றுக்கு அணைகட்டப் பொருள் கொடுத்தலும் யாவரும் அறிந்தனவே. ஒரு நாட்டு மக்கள் தம் உரிமையைக் காத்துக்கொள்ளுதற்குப் பிற நாட்டார் உதவுதல் தகுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. அஃது அயல்வீட்டு வழக்கில் தலையிடுதல் போலும் என்பர் ஒரு சாரார். தென்னாப்பிரிக்கச் செய்தியொன்றைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

1948-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பேரவை மனித உரிமைகளை உலகிற்கு அறிவித்தது. அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்காவில் தேசியக் கட்சி ஆட்சியேறி, நிறம்பற்றி மக்களைப் பிரித்துவைக்கும் சட்டங்களை இயற்றத் தொடங்கிற்று. 1956 டிசம்பரில் அவ்வரசு தன்னை எதிர்த்த 156 பேர்மீது இராசத்துரோகக் குற்றஞ் சாட்டிற்று. நெல்சன் மண்டேலாவும், நேட்டால் இந்தியர் காங்கிரசின் தலைவராகிய மருத்துவர் நாயக்கரும் அவருள் அடங்குவர். குற்றம் உறுதிப்படின் மரண தண்டனையும் நேரக்கூடும். வழக்கோ நான்காண்டுகளுக்கு மேல் நீண்டது. வழக்கறிஞர்க்கு ஊதியம் அளிப்பார் யார்? உழைப்பாரைப் பிரிந்த குடும்பங்களை ஓம்புவார் யார்?

இலண்டன் தூய பவுல் பேராலயத்துக் குருவானவராகிய ஜான் காலின்ஸ் இதற்கெனப் பொருள் திரட்டினார். பலர்மீதிருந்த குற்றச்சாட்டு இடையிலேயே கைவிடப்பட்டது. எஞ்சிய யாவரும் 1961 மார்ச்சில் குற்றமற்றவரென விடுதலை பெற்றனர். இவ்வாறு வளர்ந்த பாதுகாப்பு உதவி நிதியைத் தென்னாப்பிரிக்க அரசு 1966-இல் தடைசெய்தது. அதன் பின்னர் உதவி மறைவாகச் சென்றது. வெளிநாடுகளில் வாழ்ந்த எளிய மனிதர் பலர், சிறையாளரின் குடும்பத்தார்க்கு நண்பர்போலக் கடிதம் எழுதி, நிதியின் பணத்தைத் தம் பெயரால் அனுப்பிவந்தனர். சுவீடன் முதலிய அரசுகளும், 1965-இல் ஏற்பட்ட ஐக்கிய நாடுகளின் அறநிதியும் அதற்குப் பொருள் வழங்கின.

கொடுத்தார் இன்ன கொள்கையே கொள்ளல் வேண்டும் என விதித்திலர். கட்சி வேறுபாடும் பாராட்டிலர். குற்றஞ்சாட்டப்பட்டார் மன்றத்தில் தம் வழக்கைத் தாமே உரைத்தற்கு இடமுண்டாக்கினர்; அவ்வளவே. அடைக்கப்பட்ட வாய் திறந்து பேச உதவுதலைத் தலையிடுதல் என்பார் கூற்று எங்ஙனம் பொருந்தும்?

திருவள்ளுவர் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும், ஈகையை அதனையடுத்த அதிகாரமாகவும் வைத்தார். ஈகை, வறியார்க்கு இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவு, உலகநடை அறிந்தான் தன் கடமையெனச் செய்வது. உரிமை காக்கும் உதவி ஒப்புரவின்பாற் பட்டதாம். அதனை ஈகையாகக் கருதின், கொடுப்போர் மேலாகவும் கொள்வோர் கீழாகவும் ஆவர். பின்னர்க் கட்டளையும் தொடரும். கடமையாகக் கருதின் இருவரும் நிகராவர்.

1990-இல் அரசியற் கட்சிகள்மீதிருந்த தடை நீங்கிற்று. 1991-இல் நிதியும் தன் பணி முடித்து மூடப்பட்டது. 1994 ஏப்ரலில் எல்லா நிறத்தாரும் ஒருங்கே வாக்களித்தனர். விடுதலையைப் போராடிப் பெற்றவர் அந்நாட்டு மக்களே. உதவினார் ஒதுங்கி நின்றனர். பிற நாட்டார் உரிமைக்குப் பொருள் வழங்கும் அரசுகளும் கழகங்களும், தம் பணம் அந்நாட்டார் குரலை வளர்க்கின்றதோ, அன்றித் தம் குரலை அவர் வாயில் இடுகின்றதோ எனத் தம்மையே வினவிக்கொள்ளல் நன்று.