கருத்தடை மாத்திரையும் கம்பெனி இன்ஷூரன்ஸும்

கர்ப்பம் ஒரு நோயா? "அதெப்படிங்க நோயாகும், அது வரமாச்சே!" என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் இதே பதிலை வைத்துக்கொண்டுதான் அமெரிக்காவில் பல கம்பெனிகள், தங்களிடம் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரைக்கான செலவைத் தர மறுத்து வந்தன. 'இன்ஷூரன்ஸ் நோய்க்குத்தான், கர்ப்பம் நோயில்லை, ஆகவே அதைத் தடுப்பதும் வைத்தியமில்லை' என்பது அவர்கள் கணக்கு.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் மாலா-என் மாத்திரை இலவசம். ஆகவே இந்த வழக்கு நமக்கு விநோதமாகப் படலாம். அங்கே உழைக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வைத்தியச் செலவே, முதலாளி ஏற்பாடு செய்து தரும் இன்ஷூரன்ஸ் வழியாகத்தான். எந்த மருந்துக்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்பது அந்தத் திட்டத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

வேலையில் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று 1964-ம் வருஷத்து சிவில் உரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் எது பேதம் என்பதில்தான் சிக்கல். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி, நோயாலோ காயத்தாலோ வேலைக்கு வர முடியாதவர்களுக்குச் சம்பளத்தில் 60 சதவீதம் கொடுத்து வந்தது. சண்டை போட்டுக் காயம்பட்டாலும் பணம் உண்டு, புராஸ்டேட் ஆபரேஷனுக்கும் உண்டு. பிரசவத்துக்கு மட்டும் கிடையாது! 1976-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 'இது பெண்களை ஒதுக்குவதல்ல, கர்ப்பத்தை ஒதுக்குவது' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. என்ன நியாயமோ! இரண்டே வருஷத்தில், 1978-ல், கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்வதும் பெண் என்பதற்காகச் செய்யும் பாரபட்சம்தான் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

சரி, கர்ப்பத்தைத் தடுப்பது? அதற்கு இன்னும் 20 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1998 மார்ச்சில் வயாகரா விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. சில மாதங்களிலேயே பல இன்ஷூரன்ஸ் திட்டங்கள் அதற்குப் பணம் கொடுக்க ஆரம்பித்துவிட்டன. 1960-லேயே வந்த கருத்தடை மாத்திரையோ பல திட்டங்களில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. பெண்கள் கொதித்தது சும்மாவா?

2000 டிசம்பரில் அங்குள்ள சம வேலைவாய்ப்பு ஆணையம், மற்ற தடுப்பு மருந்துகளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, டாக்டர் சீட்டில் வாங்கும் கருத்தடை மருந்தை மட்டும் விலக்குவது பாரபட்சமே என்றது. அடுத்த ஜூனில் சியாட்டில் நகர நீதிமன்றமும் அதையே சொன்னது. வழக்குப் போட்டவர் யார் தெரியுமா? பார்ட்டெல் என்ற மருந்துக்கடைக் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண் மருந்தாளுநர்!

நான் சித்த மருத்துவன். ஆங்கில மருந்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். வருமுன் காப்பது வைத்தியத்தில் சேராது என்று எங்கள் மருத்துவம் ஒருநாளும் சொன்னதில்லை. நோயணுகா விதி என்று தனியாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு சுமார் 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. நல்ல இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். வால்வு சுருங்கிப்போன பெண்ணுக்கோ அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர், வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவர் இவர்களெல்லாம் தயாராகாமல் கருத்தரித்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் கெடுதல். (அதற்காக எல்லோரும் கண்டபடி மாத்திரை போடலாம் என்றில்லை. ரத்தம் உறையும் கோளாறோ, உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.)

ஆனாலும் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. யூனியன் பசிபிக் ரயில்வே வழக்கில் 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. அந்தத் திட்டத்தில் ஆணுறைக்கும் பணமில்லை, ஆணுக்கான கருத்தடை ஆபரேஷனுக்கும் இல்லை, மாத்திரைக்கும் இல்லை. எல்லோருக்கும் இல்லை என்றால் பேதம் எங்கே என்று கேட்டது. காகிதத்தில் பார்த்தால் சமம்தான். தவறிப்போனால் பத்து மாசம் சுமப்பது யார்? அந்தக் கேள்வியைக் கேட்காத சமத்துவம் என் மனசுக்கு ஒப்பவில்லை.

வழக்காடித் தீராததை வேறொரு சட்டம் பெருமளவு தீர்த்தது. 2010-ல் வந்த சுகாதாரச் சட்டத்தின்படி, 2012 ஆகஸ்டிலிருந்து பெரும்பாலான திட்டங்கள் பெண்களின் கருத்தடை முறைகளுக்குக் கைக்காசு வாங்காமல் பணம் தர வேண்டும். (ஆணுக்கான ஆபரேஷனுக்கு மத்திய சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை, இது இன்னொரு வேடிக்கை.) மத நம்பிக்கையைக் காரணம் காட்டும் முதலாளிகளுக்கு 2014-லும் 2020-லும் உச்ச நீதிமன்றம் வழிவிட்டிருக்கிறது.

உங்கள் மகளோ மருமகளோ அங்கே வேலைக்குப் போகிறாளா? இன்ஷூரன்ஸ் புத்தகத்தில் விலக்குகள் என்ற பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லுங்கள். கருத்தடைக்குப் பணம் இல்லை என்றிருந்தால், மத விலக்குப் பெற்ற கம்பெனியா என்று அலுவலகத்தில் கேட்கலாம். பல மாநிலங்களில் தனிச் சட்டமும் உண்டு. ஆனால் வைத்தியச் செலவைத் தன் சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்கும் பெரிய கம்பெனிகளை அந்த மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. தங்கள் கம்பெனி எந்த வகை என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளட்டும்.