மாட்டுக் கொட்டகையில் மின்கம்பி: தேர்வும் பாதுகாப்பும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில், லயத்து வீட்டிலிருந்து கம்பியை இழுத்து மாட்டுக் கொட்டகையில் விளக்குப் போடுவது நாம் அறிந்த வழக்கம்தான். சிலியாவ் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு, அதிலுள்ள ஆபத்தை உணர்த்தியது எங்கள் பசு.

மழை பெய்தால் அது தொட்டியில் வாய் வைக்காது. நோய் என்றெண்ணி அப்பா அதைக் குறைந்த விலைக்கு விற்றார். அடுத்து வாங்கிய பசுவும் அப்படியே செய்தது. பல்கலைக்கழக விடுமுறையில் நான் மின்னளவியை வைத்துப் பார்த்தேன். இரும்புத் தொட்டிக்கும் ஈரத்தரைக்கும் இடையே 6 வோல்ட் இருந்தது! ரப்பர் காலணி அணிந்த அப்பாவுக்கு அது தெரியவில்லை. நான்கு கால்களும் ஈரத்தில் நிற்கும் மாட்டிற்குச் சில வோல்ட்டே போதும். தகரச் சுவருக்குப் பின்னால் எலி கடித்த கம்பியே காரணம். அதன் செம்பு நேராகத் தகரத்தைத் தொட்டிருந்தால் 230 வோல்ட் பாய்ந்திருக்கும். தொட்டி கழுவும் அம்மாவை இழந்திருப்போம்.

ஆகவே, கொட்டகைக்கு மின்சாரம் கொண்டுசெல்லும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கம்பியின் பருமன். தொலைவு கூடக்கூட மின்னழுத்தம் குறையும். 10 ஆம்பியர் இழுக்கும் புல்வெட்டும் இயந்திரம் 60 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியில் ஏறக்குறைய 17 வோல்ட் இழப்பாகும்; 2.5இல் 11 வோல்ட், 4இல் 6.6 வோல்ட். இழப்பு 4 விழுக்காட்டிற்குள், அதாவது 9.2 வோல்ட்டிற்குள் இருக்க வேண்டுமானால் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியே ஏற்றது.

இரண்டாவது, உறை. சாணம், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து இரும்பையும் செம்பையும் அரிக்கும். எனவே கனமான பி.வி.சி. குழாய் நல்லது. ஆனால் எலி அதையும் கடிக்கக்கூடும். குழாயை மாட்டின் வாய்க்கும் கொம்புக்கும் எட்டாத உயரத்தில், கண்ணுக்குத் தெரியும்படி பொருத்துங்கள், நுனிகளை அடையுங்கள். இணைப்புகள் நீர்புகாப் பெட்டிக்குள் இருக்கட்டும்.

மூன்றாவது, துண்டிப்பான். சாதாரண எம்.சி.பி. கம்பி சூடேறாமல் காக்கும், மனிதரைக் காக்காது. சிறு கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லிஆம்பியர், ஈரத்தரை இடங்களுக்கு 10 மில்லிஆம்பியர் என்பது நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறை. தொட்டி, இரும்புக்கால், தகரம் எல்லாவற்றையும் எர்த் கம்பியோடு இணைத்தால்தான், யாரும் தொடுவதற்கு முன்பே அது துண்டிக்கும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இவ்வேலையைத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு, பதிவுபெற்ற வயரிங்காரரிடமே ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் அவ்வாறே செய்தோம். இப்போது பசு மழையிலும் தண்ணீர் குடிக்கிறது. விற்றுவிட்ட பசுவுக்காக அப்பா இன்னும் வருந்துகிறார்.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது கொட்டகைக் கம்பியை ஒருமுறை பாருங்கள். நாம் கற்ற கல்வி முதலில் பயன்பட வேண்டிய இடம் அதுதான்.